சாத்தூர் பஸ் நிலையத்தில் ஒரு விசில்

சாத்தூரில் சிவகாசி பஸ் நிற்கிறது. கண்டக்டர் டீக்கடையில் இருக்கிறார். பிள்ளைகளே, வீட்டில் இருக்கும் உங்களுக்கு ஊதல் வாங்க நான் இறங்குகிறேன்.

நிலையத்தில் விளையாட்டுச் சாமான் விற்கும் கூடைக்காரம்மாவிடம் தகர ஊதல்கள் மூன்று வகை. ஆறு துளைக் குழலை ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது. தண்ணீர் ஊற்றி ஊதும் குருவி ஊதல் சட்டையை நனைக்கிறது. மூன்றாவது, உள்ளே பட்டாணி உருளும் குண்டு விசில். அதைப் பலமாக இரண்டு முறை ஊதுகிறேன்.

இரண்டு விசில் கேட்டால் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பஸ் கிளம்பிவிட்டது! என் பையும் அதில்தான் போகிறது.

டீ கிளாஸோடு கண்டக்டர் ஓடுகிறார். "அண்ணே, நிறுத்துங்க! நான் இங்கன கெடக்கேன்!" அவர் பின்னால் விசிலோடு நான். என் பின்னால் காசு கேட்டுக் கூடைக்காரம்மா.

வளைவில் பஸ் நிற்கிறது. கண்டக்டர் மூச்சு வாங்க என்னைப் பார்க்கிறார். "அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு வாங்குறீகளா, வண்டிக்கு வாங்குறீகளா?"

வெட்கப்பட்டு விசிலைத் திருப்பிக் கொடுக்கிறேன். கூடைக்காரம்மா கை நீட்டவில்லை.

"இம்புட்டுப் பெரிய வண்டியே நகந்திருச்சு. இதை விட்டுட்டு வேற எதை வாங்கப் போறீக?"

காசைக் கொடுத்து வாங்கிவிட்டேன். விசில் இப்போது கண்டக்டரின் தோல்பையில் இருக்கிறது. சிவகாசியில் இறங்கும்போதுதான் தருவாராம்.