சாவைச் சொல்லாத அட்டை

அப்பா இறந்துவிட்டார் என்று அம்மாவிடம் யார் சொல்வது? லண்டனுக்கு வந்த நாள்முதல் எங்கள் வீட்டில் இருந்த கேள்வி இது ஒன்றுதான். விசா, வாடகை, என் படிப்பு எல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

இலங்கையில் போர் முடியும் தறுவாயில், வன்னியில் நாங்கள் பதுங்கியிருந்த பங்கரிலிருந்து தண்ணீர் எடுக்க வெளியே போனவர் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயது. அவர் போன திசையில் ஒரு செல் குண்டு விழுந்தது. அம்மா என் தலையைத் தன் மடிக்குள் அமத்திப் பிடித்தார். அன்று பின்னேரமே சனத்தோடு சனமாக நாங்கள் நகரவேண்டி வந்தது. உடலை யாரும் பார்க்கவில்லை. பார்க்காதபடியால், அம்மாவைப் பொறுத்தவரை அவர் இன்னும் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அதை வாய்விட்டு மறுத்தவர் சித்தப்பா மட்டும்தான். செவன் கிங்ஸில் அவருடைய வீட்டு மேல்மாடியில் நாங்கள் இருந்த காலம். ஆடி அமாவாசை, தகப்பனை இழந்த ஆண்கள் விரதம் இருக்கும் நாள். சித்தப்பா தன் தகப்பனுக்காக இருப்பார். சித்தி மரக்கறிகளோடு கசப்பான காத்தோட்டிக்காயும் சமைத்து இலை போடுவார். எனக்கு மட்டும் இலை கிடையாது, தட்டுத்தான். தகப்பன் உயிரோடு இருக்கிற பிள்ளை நான்.

எனக்கு மீசை அரும்பிய வருடம் சித்தப்பா இலையின் முன் அமர்ந்தபடியே தொடங்கினார்.

"அண்ணி, இந்த முறையாவது இவனை இருக்க விடுங்கோ. மீசை முளைச்ச பொடியன். இவன் செய்யாட்டி அண்ணையின்ர ஆத்மா எங்க போகும்?"

"அவற்ற ஆத்மா அவற்ற உடம்புக்குள்ளதான் இருக்கு, தம்பி. நீர் உம்மட இலையைப் பாரும்."

"அண்ணை வந்து கதவைத் தட்டட்டும், நான் காலில விழுந்து கும்பிடுறன். ஆனா அது நடக்காது. எலும்பு எழும்பி வராது, அண்ணி."

அம்மா ரசச் சட்டியைத் தூக்கி வந்தார். சித்தப்பாவின் இலையில், சோறும் கறியும் மிதந்து மடியில் வழியும் வரைக்கும் ஊற்றினார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ," என்றார் அம்மா. "அவர் செத்திட்டார் எண்டு எந்த வாய் சொல்லுதோ, அவரைக் கொன்றது அந்த வாய்தான். நான் அப்பிடித்தான் எடுப்பன்."

அடுத்த கிழமை நாங்கள் ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அதற்குப் பிறகு எவரும் சொல்லவில்லை. கொலைகாரனாக யாருக்குத்தான் விருப்பம்?

அம்மா சாத்திரிகளிடம் போகத் தொடங்கினார். வட்ஸ்அப்பில் சாதகம் பார்ப்பவர் ஒருவர், வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர் ஒருவர், கோலியர்ஸ் வுட்டில் வரவேற்பறையில் உரு வந்து சாமியாடும் ஓர் அம்மா. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ஆள் இருக்கிறார், வடக்குப் பக்கம், ஓர் அறைக்குள், தாடியோடு. சனி மாறினால் வருவார். சனி மாறியது. வேறு சனி வந்தது. அவர்கள் வாசித்தது சாதகத்தை அல்ல, அம்மாவின் நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டை. அதை ஒவ்வொரு காலையும் அம்மா பெரிதாக்கிக்கொண்டே வந்தார்.

நான் படித்தேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவனே நான்தான். பல்கலைக்கழகம் போய் மருந்தாளனாகி, வீட்டுக்கு அருகிலேயே ஒரு ஃபார்மசியில் வேலை எடுத்தேன். அங்கே மருந்துகளை எடுத்து அடுக்கிக் கொடுக்கும் பெண்மணி ஐம்பது கடந்த வெள்ளைக்காரி. மதிய இடைவேளையில் சாண்ட்விச்சை ஒதுக்கிவிட்டு குறி பார்க்கும் டாரோ பட அட்டைகளைப் பரப்புவார். அவர் நிலவையும் இயற்கையையும் வழிபடும் விக்கா சமயத்தைச் சேர்ந்தவர், ஒரு சிறு வட்டத்தின் தலைவி. முழுநிலவுக்கும் நிலவில்லா இரவுக்கும் அவர் வீட்டில் கூடுவார்கள். அதைத் தவிர, பருவங்கள் திரும்பும்போது வருடத்துக்கு எட்டுப் பண்டிகைகள். அம்மா நாட்காட்டியில் பறுவம் என்னும் முழுநிலவு நாள் பார்த்து மீனை ஒதுக்கும் அதே நாளில் இவர் பறுவம் பார்த்து மெழுகுதிரி வாங்குவார். எனக்கு அது பிடித்திருந்தது. போகத் தொடங்கினேன்.

அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் விடயம் மரண அட்டையைப் பற்றியது. வெள்ளைக் குதிரையில் கவசம் போட்ட எலும்புக்கூடு. நான் திடுக்கிட்டதைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் பயப்படுவார்கள். இது சாவைக் குறிக்காது. மாற்றம், அவ்வளவுதான்." நான் படிப்பாளி அல்லவா, மனப்பாடம் செய்துகொண்டேன்.

வட்டத்துக்கென்று சட்டம் இருந்தது. தலைவி கத்தியால் காற்றில் ஒரு வட்டம் கீறுவார். கீறியபின் யாரும் வெளியேறக் கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் அவர் கத்தியால் ஒரு கதவு வெட்டித் தருவார். ஆளுக்கொரு அட்டை எடுக்கவேண்டும். அவர் பலன் சொல்வார். எதிர்த்துப் பேச முடியாது. "ஏற்றுக்கொள்கிறேன்" என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு கோடைப் பறுவத்தில், வான்ஸ்டெட் திடலை ஒட்டிய அவருடைய தோட்டத்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் ஒருவர் அட்டை எடுத்தார். தலைவி அட்டையை ஒரு தடவை பார்த்தார், ஆளை ஒரு தடவை பார்த்தார்.

"உன் கடை செத்துவிட்டது. பிணத்துக்குப் பக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருக்கிறாய். ஊருக்கே மணக்கிறது, உனக்கு மட்டும் மணக்கவில்லை. பூட்டு."

அந்த மனிதர் தோள் குலுங்க அழுதார். "ஏற்றுக்கொள்கிறேன்," என்றார். தலைவி அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். அந்தக் கணத்தில் நான் முடிவு செய்தேன். அம்மாவுக்கு வேண்டிய வாய் இதுதான். உறவில்லாத வாய். அம்மா அதைக் காலம் முழுக்க வெறுத்தாலும் நட்டமில்லை.

தலைவியிடம் சொன்னேன்: அப்பா போரில் காணாமற்போனவர், அம்மாவுக்கு உண்மை தேவை. "நான் உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை," என்றார்.

அம்மாவிடம் சொல்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

"வெள்ளைக்காரியின்ர சாத்திரமோ? அவைக்குச் சனி, செவ்வாய் எல்லாம் இருக்கே?"

"சந்திரன் இருக்கு, அம்மா."

"சரி. சந்திரன் எல்லாருக்கும் பொதுதானே. போவம்."

அக்டோபர் கடைசியில் வரும் சௌவின் பண்டிகை. அன்று இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும் நேரம். அம்மா சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட் போட்டு, வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கோயிலில் போலவே இடமிருந்து வலமாக அறையைச் சுற்றி வந்து அமர்ந்தார். வட்டத்தார் வியந்தார்கள். அவர்களும் அப்படித்தான் சுற்றவேண்டும்.

தலைவி கத்தியால் வட்டத்தைக் கீறி முடித்தார். நடு மேசையில் யாருக்கும் இல்லாத ஒரு தட்டு இருந்தது.

"அந்தத் தட்டு ஆருக்கு?"

"செத்தவைக்கு. ஒவ்வொருத்தரும் தங்கட ஆளுக்கு ஏதாவது வைப்பினம்."

"அப்ப எனக்கு அதில அலுவல் இல்லை," என்று அம்மா கால்களை மடக்கிக்கொண்டார்.

ஒருவர் தாய்க்கு ரொட்டி வைத்தார். ஒருவர் நண்பனுக்கு ஆப்பிள் துண்டு. பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"அவளுக்கு ஆர் செத்தது?"

"நாய், அம்மா."

"நாய்க்குத் திவசம்!" அம்மா சிரித்தார், நன்றாகச் சிரித்தார். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்க்கு இடம் கிடைத்துவிட்டது.

அம்மாவின் முறை வந்தது. தலைவி நீட்டிய அட்டைக்கட்டிலிருந்து, அது அட்டை என்பதை மறந்து, பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் ஒன்றை எடுத்தார். பார்க்காமலே இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் திருப்பினார்.

வெள்ளைக் குதிரை. எலும்புக்கூடு.

உடனே தலைவி முன்னால் குனிந்து அம்மாவின் முழங்காலில் கையை வைத்தார். பால்குடிப் பிள்ளையோடு பேசும் குரல். "பயப்படாதீர்கள். இந்த அட்டை ஒருபோதும் சாவைக் குறிக்காது. ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. யாரோ உங்களிடம் புது மனிதராகத் திரும்பி வரப்போகிறார்."

படச்சட்டக் கடைக்காரர் தலையை ஆட்டினார். பிஸ்கட் பெண் புன்னகைத்தாள்.

நான் வட்டத்தின் சட்டத்தை மீறினேன். "ஒரு தடவைகூட இல்லையா? இந்த ஒரு தடவை, சாவாக இருக்க முடியாதா?"

"ஒரு தடவையும் இல்லை, செல்லமே. புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பிழை அது."

கடைக்காரனின் கடையைப் பிணம் என்று சொன்ன வாய், பிணத்தின் படத்தை வைத்துக்கொண்டு கடை திறக்கப்போகிறது என்கிறது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"சாவில்லையாம், அம்மா. மாற்றமாம். ஆரோ புது ஆளாத் திரும்பி வருவினமாம்."

அம்மா அட்டையை மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்தார்.

"குதிரையில இருக்கிறது எலும்புக்கூடுதானே?"

"ஓம்."

"கீழ கிடக்கிற ஆள்?"

"ஒரு ராசா. விழுந்து கிடக்கிறார்."

"பக்கத்தில முழங்காலில நிக்கிற பொம்பிளை?"

"அவ முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நிக்கிறா."

"பிள்ளை?"

"பிள்ளை பாத்துக்கொண்டிருக்குது, அம்மா."

அம்மா அட்டையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"எல்லாச் சாத்திரிமாரும் ஒரே கூட்டம்தான். படத்தையும் கீறி வைச்சுக்கொண்டு, வாயால சொல்லப் பயப்பிடுகினம். நீ சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"மருந்துப் பெட்டியில எறும்பு மாதிரி எழுதிக் கிடக்கிறதை எல்லாம் வாசிக்கிறாய். எங்கட ஆக்களில முதல் படிச்ச ஆள் நீ. உந்தப் படத்தை வாசி. உது என்ன?"

சுற்றி இருந்தவர்கள் மரியாதையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏதோ மந்திரம் சொல்கிறோம் என்று நினைத்திருக்கவேண்டும்.

"சாவு, அம்மா."

"ஆருக்கு?"

"அப்பாவுக்கு."

"வடிவா, முழுசாச் சொல்லடா."

"அப்பா செத்துப் போனார்."

அம்மாவின் முகம் இளகியது. காலையிலிருந்து தேடிய சாவிக்கொத்து கைப்பைக்குள்ளேயே அகப்பட்டால் ஒருவருக்கு வரும் முகம் அது.

"அப்ப நீதான் சொன்னது," என்றார்.

கைப்பையைத் திறந்தார். கோயிலுக்குக் கொண்டுபோக வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து, நாயின் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தட்டில் வைத்தார். எழுந்து வட்டத்தைக் கடந்து வாசலுக்கு நடந்தார். தலைவி பதறிப்போய்க் கத்தியை எடுத்தார். "கதவு! நான் இன்னும் கதவு வெட்டவில்லை!"

"என்ன கத்துறா?"

"கதவு வெட்டாமல் வெளிய போகக் கூடாதாம்."

"நான் உள்ளுக்க வந்தால்தானே வெளிய போறதுக்கு," என்று அம்மா சப்பாத்துக்குள் காலை விட்டார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரம் இருந்தார். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் தொட்டு நெற்றியைத் துடைத்தார். மறுபடி தொட்டார், மறுபடி துடைத்தார். பொட்டு முழுதாகப் போனபின், விரல்களில் ஒட்டியிருந்த சிவப்பை என் சட்டைக் கையில் தேய்த்துத் துடைத்தார். அவரிடம் கைக்குட்டை இருந்தது.

திங்கட்கிழமை ஃபார்மசியில் தலைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியம்தான் வாயைத் திறந்தார். "உன் அம்மா வட்டத்தைக் கிழித்துவிட்டுப் போனார். மறுபடி மூடுவதற்கு எங்களுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? அதோடு அவர் அட்டையைத் தப்பாக எடுத்துக்கொண்டார். அது சாவு இல்லை என்று அவருக்குச் சொல்." நான் ஒரு கிழவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். சொல்கிறேன் என்றேன். வட்டத்துக்கு நான் அதற்குப் பின் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை.

அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார். சாத்திரிகளின் நம்பர்களை போனிலிருந்து என்னைக்கொண்டே அழிப்பித்தார். யாராவது நெற்றியைப் பார்த்துத் தயங்கினால், அவர்கள் கேட்கும் முன்னரே என்னைக் கைகாட்டுவார். "இவன்தான் சொன்னவன். படிச்ச பிள்ளை, பிழையாச் சொல்லுவானே?" வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தேநீர் போட எழுந்துவிடுவேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு அவரே சித்தப்பாவுக்கு போன் எடுத்துக் கூப்பிட்டார். சித்தப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, கதவடியில் ஒரு கணம் தயங்கி நின்று, உள்ளே வந்தார்.

"பயப்பிடாமல் வாரும், தம்பி," என்றார் அம்மா. "உம்மட வாய் தப்பீட்டுது. இஞ்ச வேற வாய் இருக்கு."

இரண்டு இலைகள் போட்டார். என்னுடையதைச் சித்தப்பாவின் இலையைவிடப் பெரிதாகப் பார்த்து எடுத்திருந்தார். ஒவ்வொரு கறியாக, குறையில்லாமல், தன் கையாலேயே பரிமாறினார்.

"இரு. நீ கொன்றவருக்கு நீதானே விரதம் இருக்கோணும்."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் சாப்பிட்டேன். அம்மா எதிரே நிலத்தில் இருந்து, என் கை வாய்க்குப் போவதையும் இலைக்கு வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து, இலையின் ஓரத்தில் நான் ஒதுக்கி வைத்திருந்த காத்தோட்டிக்காயை விரலால் தொட்டு நடுவுக்குத் தள்ளினார்.

"கசக்குதே? அதையும் தின்," என்றார்.