ஆயுத பூசைக்குப் பின் பச்சையான குளம்

லாஸ்பேட்டை வீட்டின் பின்புறத்தில் நான் கட்டிய நீச்சல் குளத்துக்கு உப்புநீர் முறையைப் பொருத்தியிருந்தேன். கரைத்த உப்பிலிருந்து கருவியே குளோரினைத் தயாரித்துக்கொள்ளும். நீர் எந்நாளும் கண்ணாடிபோல் இருக்கும் என்று பிரான்சிலிருந்த சம்மந்தியிடம் தொலைபேசியில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவர் விருந்துக்கு வரவிருந்த நாளின் காலையில் குளம் பாசிப்பச்சையாகக் கிடந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மூட்டை உப்பைக் கொட்டிவிட்டுக் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இன்னும் உப்ப கொட்டி ஊறுகா போடப் போறீங்களா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் கருவியை உற்றுப் பார்த்தேன். வாடிய மாலைக்குப் பின்னால் அதன் சிறு விளக்கு எரியவில்லை. ஆயுத பூசையன்று சந்தனம், குங்குமம் இட்டு அதற்கு ஓய்வு கொடுத்திருந்தோம்; மறுநாள் இயக்க இருவருமே மறந்துவிட்டோம். உடனே இயக்கினேன். ஆனால் நீர் தெளிவதற்கு நாளாகும்.

மதியம் வந்த சம்மந்தி குளத்தருகே நின்று புருவத்தை உயர்த்தினார்.

"பூசைக்காக மெஷின நிறுத்தி வச்சிருந்தோம்" என்றேன், குரலைத் தாழ்த்தாமல்.

"பிரான்சுல மனுஷனுக்குத்தான் லீவு, சம்மந்தி. உங்க வூட்ல மெஷினுக்குமா?" என்று சிரித்தவர், கருவியை நோக்கிக் கைகூப்பினார்.

நானும் சிரித்தேன். எனினும் இலையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. விளக்கு எரிகிறதா என்று பார்க்க எழுந்து எழுந்து போனேன்.