கல்வெட்டுக்கு ஒரு படம்

தெருவில் படம் எடுப்பதற்கு நான் கைக்கொண்ட முறை எளிமையானது. பிலிம் கமராவின் ஒளித்துவாரத்தைச் சிறிதாக்கி, குவியத்தை எட்டடிக்கு நிறுத்திவிடுவேன். கமரா நெஞ்சளவில் தொங்கும், கண்ணுக்குக் கொண்டுபோவதில்லை. மாத்தளைச் சந்தையில் வெளிச்சம் சரியாக விழும் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஆட்கள் அந்த எட்டடிக்குள் வரும்வரை நிற்பேன். எடுத்த பின்பும் அவர்களைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் பின்னாலுள்ள கடைப்பலகையை வாசிப்பவன்போல் நிற்பேன். பெரும்பாலானோர் ஒன்றும் அறியாமலே கடந்துபோவார்கள்.

மனைவியையும் இப்படியேதான் எடுத்தேன். உக்குவளை ஸ்டேஷனில் குடையை மடிக்கும்போது. பஸ்ஸில் ஜன்னலோரம் உறங்கும்போது. நேராகப் பார் என்று அவளிடம் சொன்னதில்லை.

அவள் இறந்தபின், முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த எங்கள் குடும்பங்களில் அவ்வழக்கம் விடுபடவில்லை. தேவாரமும் குடும்ப வரலாறும் அடங்கிய சிறு புத்தகம் அது. முதற்பக்கத்தில், இறந்தவர் நம்மை நேராகப் பார்க்கும் படம் இருக்கும்.

அச்சகக்காரர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் கொடுத்த படங்களை மேசையில் பரப்பினார்.

"படமெல்லாம் அருமையா இருக்குங்க சார். ஆனா அம்மா ஒண்ணுலயும் நம்மளப் பாக்கலையே. சிஐடிக்காரங்க எடுத்த மாதிரி இருக்கு."

"அடையாள அட்டைப் படம் ஒன்று இருக்கு."

"அதக் குடுங்க. கம்ப்யூட்டர்ல நல்ல பட்டுச் சேல கட்டி விட்டுருவோம்."

அப்படம் எங்கள் திருமணத்துக்கு முன் எடுக்கப்பட்டது. அந்த முகத்தோடு நான் வாழவில்லை. கொடுக்காமல் வீடு திரும்பினேன்.

மகளும் நானும் நெகட்டிவ்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எவரேனும் கமராவைக் கண்டுகொண்ட படங்களைக் கெட்டுப்போனவை எனக் கருதி, அச்சிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது என் வழக்கம். மகள்தான் அந்த டின்னைத் திறந்தாள்.

அதில் ஒன்று சந்தையில் எடுத்தது. தராசில் போஞ்சிக்காய் நிறுக்கப்படுகிறது. மனைவி தராசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள். புருவம் நெரிந்திருக்கிறது. வாய் ஒரு சொல்லைத் தொடங்கியிருக்கிறது. குவியம் பிசகாமல் அவள் கண்களில் விழுந்திருந்தது.

"அம்மா ஏதோ சொல்லப்போறா," என்றாள் மகள். "என்ன சொன்னவ எண்டு நினைவிருக்கோ, அப்பா?"

"பையைப் பிடிக்கச் சொன்னவ."

அச்சகக்காரருக்குத் திருப்தியில்லை.

"கோவமா இருக்காங்களே சார். லேசா சிரிக்க வச்சிரவா? இப்ப அதெல்லாம் சின்ன வேலைங்க."

"வேண்டாம்."

"தராசையாவது வெட்டிருவோம். கல்வெட்டுல போஞ்சி எதுக்குங்க?"

தராசை வெட்டச் சம்மதித்தேன்.

முப்பத்தோராம் நாள், சாப்பாட்டுக்குப் பின் புத்தகம் பகிரப்பட்டது. மனைவியின் தமக்கை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதற்பக்கத்தைப் பார்த்தார். மற்றவர்கள் வெற்றிலைத் தட்டுக்கு நகர்ந்த பின்பும் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

"இதென்ன, ஆரையோ ஏசப்போறாள் போலக் கிடக்கு," என்றார். "ஆரை?"

"என்னைத்தான், அக்கா."

"அப்ப சரி. இது அவள்தான்."

சொல்லிவிட்டு, இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.