ஃப்ரோனியின் பெயர் இல்லாத கல்

என் அண்ணி சலோமி வாம்ப்லர் மாதிரி ஒரு கோபக்காரியை எங்கள் கிறிஸ்தவ சபை பார்த்ததில்லை. நாங்கள் ஆயுதம் தொடாத கூட்டம். அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, கோபத்தோடு படுக்கப் போகக் கூடாது. அண்ணி இருபத்துநாலு வருஷம் கோபத்தோடுதான் படுத்தாள். ஊரில் அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். நடந்தது என்னவென்று கூடவே இருந்த நான் சொல்கிறேன்.

வெர்ஜீனியாவில் ஓடைக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஒரு மேடு. அதன்மேல் எங்கள் கல்வீடு, சுற்றிக் கோதுமை வயல். அடிமைமுறையை வைத்து அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் சண்டை போட்ட காலம் அது, எங்கள் ஊர் தெற்கில் இருந்தது. துப்பாக்கி தூக்க மாட்டேன் என்றதற்காகத் தெற்குப் படை என் அண்ணன் டோபியாஸை ஐந்து மாதம் சிறையில் வைத்து, தீராத இருமலோடு திருப்பி அனுப்பியிருந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே மகள், பத்து வயது ஃப்ரோனி. நான் அண்ணனின் தங்கை லேனா. அப்போது எனக்குப் பதினெட்டு. எங்கள் ஆட்கள் அடிமை வைத்ததில்லை. அதனால் அக்கம்பக்கத்தில் எங்களுக்கு 'வடக்கன் வால்' என்று பட்டப்பெயர்.

1864 ஜூன். அறுப்புக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. காலையில் தெற்குப் படைத் தலைவன் ஒருவன் குதிரையோடு வாசலுக்கே வந்துவிட்டான்.

"அம்மா, இந்த மேட்டுல பீரங்கி நிறுத்தப் போறோம். கிளம்புங்க."

"எங்க கிளம்புறது? மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன்."

"சண்டை நடக்கப் போகுதும்மா."

"அதை உங்க வீட்டு வயல்ல நடத்துறதுதானே?"

அவன் சிரித்துவிட்டுக் கையசைத்தான். பீரங்கிச் சக்கரங்கள் கோதுமையில் இறங்கின.

நாங்கள் நாலு பேரும் நிலவறைக்குள் போனோம். சாயங்காலத்துக்குள் வீடு மூன்று தடவை கைமாறியது. ஒவ்வொரு தடவையும் ஒருவன் நிலவறைக் கதவைத் திறந்து துப்பாக்கியை நீட்டி, "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

மூன்றாவது ஆளிடம் அண்ணி சொன்னாள்: "அடிப்பக்கம். தெரியல? உங்க காலுக்கடியிலதான் உக்காந்திருக்கோம்."

வெளியே வந்தபோது வயல் இல்லை. வேலிக்கம்பு ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஜெயித்தவர்கள் வடக்கர்கள். அவர்களுடைய வைத்தியர்கள் எங்கள் கதவுகளைக் கழற்றிப் பீப்பாய்மேல் போட்டு, அதில் ஆட்களைக் கிடத்திக் கைகால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது.

"அடிமைகளை விடுவிக்க வந்தவங்கன்னு உங்க மேல மரியாதை வச்சிருந்தேன்" என்று ஒரு வைத்தியரிடம் அண்ணி கத்தினாள். "அதுக்காகக் கிணத்துல குதிரையைப் போடுவீங்களா?"

"நாங்க போடலம்மா, அவங்கதான்."

"அவங்களக் கேட்டா நீங்கதான்னு சொல்லுவாங்க."

அடிபட்டவர்கள் வீடெங்கும் கிடந்தார்கள். இரண்டு படையும் கலந்து. எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, தண்ணீர். ஃப்ரோனி ஓடைக்கும் வீட்டுக்குமாக மூன்று நாள் வாளி சுமந்தாள். அந்த ஓடையில் மேலே எத்தனை பிணம் கிடந்தது என்று எங்களுக்கு அப்போது தெரியாது. அவளும் அதைத்தான் குடித்தாள்.

நாலாம் நாள் படை போய்விட்டது, அடிபட்டவர்களோடும் வைத்தியர்களோடும். அடுத்த வாரம் ஃப்ரோனிக்குக் காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் போய்விட்டாள்.

பெட்டி செய்ய வீட்டில் பலகை இல்லை. அண்ணன் ஒரு கதவைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணி அதைக் காலால் தள்ளினாள். "அந்தக் கதவுல என் பொண்ணு படுக்க மாட்டா." மாவுப் பெட்டியைக் காலி செய்தோம். பத்து வயதுப் பிள்ளை அதில் சரியாக இருந்தாள்.

வருஷங்கள் போயின. 1888 மார்ச்சில் கோட்டும் தொப்பியுமாக ஆறு பேர் வந்தார்கள். மூன்று பேர் வடக்கு, மூன்று பேர் தெற்கு. தோளில் கைபோட்டுக்கொண்டு வந்தார்கள். வயல் ஓரத்தில் அளந்து முளைக்குச்சி அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்து கேட்டார்கள், நினைவுக்கல் நட அனுமதி.

"இது புனித மண் அம்மா" என்றார் வெள்ளைத்தாடிக்காரர்.

"கோதுமை மண். கல்லுல என்ன எழுதுவீங்க?"

செத்தவர்கள் பெயரை அவர் படித்தார். அறுபத்து மூன்று பெயர். அண்ணி கடைசிவரை கேட்டாள்.

"எம் பொண்ணு பேரு?"

"அவங்க படைவீரர் இல்லையே அம்மா."

"உங்க ஆளுங்க வாயில தண்ணி ஊத்தித்தான் செத்தா."

வெள்ளைத்தாடிக்காரர் பட்டியலை மடித்தார். "வேணும்னா 'உள்ளூர் மக்களின் உதவியோடு'ன்னு ஒரு வரி போடலாம்."

அண்ணி எழுந்து போய் முளைக்குச்சிகளைப் பிடுங்கிச் சாலையில் எறிந்தாள். ஒரு குச்சி ஆழமாக இறங்கியிருந்தது, அவளால் முடியவில்லை. வாயே திறக்காத என் அண்ணன் இருமிக்கொண்டே போய் அதை ஆட்டிப் பிடுங்கினான்.

சபை மூப்பர்கள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். "கோபத்துக்குக் கேக்குறேன். குச்சிக்குக் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கல் சாலைக்கு எதிர்ப்புறம், பக்கத்து நிலத்துக்காரனின் மேய்ச்சலில் நின்றது. ஜூனில் திறப்பு விழா. பாண்டு வாத்தியம், கொடி, ஆயிரம் நாற்காலி. அன்றைக்கென்று பார்த்து அண்ணி பன்றிக்கொட்டிலைச் சுத்தம் செய்து, எருவையெல்லாம் சாலையோரத் தோட்டத்தில் கொட்டினாள். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது. சீமாட்டிகள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நாற்காலி மாற்றினார்கள்.

ஒரு கை இல்லாத ஒருவன் மட்டும் சாலையைத் தாண்டி வந்து தொப்பியைக் கழற்றினான்.

"இந்த வீட்ல ஒரு சின்னப்பொண்ணு எனக்குத் தண்ணி குடுத்துச்சும்மா."

எந்தப் படை என்று அண்ணி கேட்கவில்லை. "அவ பேரு கேட்டியா?"

"இல்லம்மா."

"ஃப்ரோனி. அங்க போய்ச் சொல்லு."

அவன் போனான். மேடையில் ஏறினான். வெள்ளைத்தாடிக்காரர் தடுக்கப் பார்த்தார், பாண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. அவன் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முகம் சிவந்து திரும்பி வந்தான்.

"சொன்னேன். யாருக்கும் கேக்கல."

"கை கழுவிட்டு உள்ள வா. சாப்பிடு."

பன்றித்தொடையும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் வைத்தாள். எதிரே உட்கார்ந்து ஃப்ரோனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவள் பூனைக்குச் சட்டை தைத்தது, ஜெபத்தின் நடுவே சிரித்து அடி வாங்கியது, ஆப்பிளைக் காம்போடு தின்றது எல்லாம். இருபத்துநாலு வருஷம் கூடவே இருந்த எங்களிடம் அண்ணி இதில் ஒன்றைக்கூடப் பேசியதில்லை. நாங்கள் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். யாரோ ஒரு படைக்காரனிடம் இப்படிக் கொட்டுகிறாளே என்று எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பங்கரையில் நின்று பாத்திரத்தை டங்கென்று வைத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.