முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

மகளின் அறுவை சிகிச்சைக்காக இணையத்தில் நாங்கள் தொடங்கிய பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு உண்டு. யாராவது பணம் அனுப்பினால் அது சற்று வலப்பக்கம் நகரும். பால் காய்ச்சும்போதும், நான் வேலை பார்க்கும் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் அதைத்தான் பார்ப்பேன். அந்தத் திங்கட்கிழமை அது நகரவில்லை. செவ்வாயும் நகரவில்லை.

மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. வளர வளரத் தானாக மூடிவிடும் என்று காத்திருந்தோம், மூடவில்லை. இனித் தள்ளிப்போட வேண்டாம் என்றார் மருத்துவர். காப்பீட்டில் கிடைப்பது போக மீதியை எங்கள் இருவர் சம்பளத்தில் சேர்க்க வழியில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் சபையைச் சேர்ந்த மளிகைக்கடை அண்ணாச்சிதான் அந்தப் பக்கத்தைச் சபைக் குழு, வியாபாரிகள் குழு, வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் குழு என்று வாட்ஸ்அப்பில் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். கோடு நகர்ந்ததெல்லாம் பெரும்பாலும் அவரால்தான்.

ஏன் நின்றது? படம் சரியில்லையோ என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் மகள் பல் தெரியச் சிரிக்கும் படம். நோயுள்ள பிள்ளை போலவே இல்லை. அழும் படமாகப் போட்டிருக்க வேண்டுமோ? பிள்ளையை அழவைத்துப் படம் எடுப்பதா? நான் எழுதிய வேண்டுகோளில் ஒரு வரியை மாற்றினேன். பிறகு பழையபடியே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். கையில் உடன்குடிக் கருப்பட்டிப் பொட்டலம். மகளைத் தூக்கிக்கொண்டார்.

"ஆபரேசன் இல்லாமலே ஆண்டவர் சொகம் குடுத்துட்டாரே! ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கையில எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அன்னைக்கே எல்லாக் குரூப்புலயும் போட்டுட்டேன், பிள்ளைக்குச் சொகமாயிட்டு, இனி யாரும் பணம் அனுப்ப வேண்டாம்னு."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. கேட்டதைப் பெற்றுக்கொண்டதாகவே நம்பி முன்கூட்டி நன்றி சொல்வது எங்கள் வீட்டு ஜெபத்தில் வழக்கம். தேர்வு எழுதும் முன்பே தேர்ச்சிக்கு ஸ்தோத்திரம் சொல்லுவோம். என் கணவர் அதை ஆலயம் வரை கொண்டுபோய்விட்டார். 'மகளுக்குப் பூரண சுகம் கிடைத்ததற்காக' என்று காணிக்கை உறையின் மேல், எதற்காக என்று கேட்டிருக்கும் இடத்தில் எழுதியிருந்தார். ஆராதனையில் குருவானவர் அதை அப்படியே வாசித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன். எங்கள் நம்பிக்கையைத்தான் வாசிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கேட்டவர்களுக்கு அது செய்தி.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார் கணவர். அண்ணாச்சி மகளை இறக்கிவிட்டு வெளியே போனார்.

"அத்தான், அவியகிட்ட உள்ளதைச் சொல்லாண்டாமா?"

"சொகமாவலன்னா? நம்ம வாயாலயா? அப்ப நம்ம வெசுவாசம் என்னத்துக்கு?"

"உங்க வெசுவாசத்தை ஆஸ்பத்திரியில கட்டினா ரசீது குடுப்பாவளா?"

சொன்னபின் எனக்கே பயமாகிவிட்டது. சுகமாகவில்லை என்று நான் போய்ச் சொன்னால் அந்த ஜெபம் கெட்டுவிடுமோ? சொல்லாவிட்டால் கோடு அங்கேயே நின்றுவிடுமே. இரண்டும் என் பிள்ளைக்கே ஆகாதது போலிருந்தது. வெளியே அண்ணாச்சியின் ஸ்கூட்டர் உறுமும் சத்தம் கேட்டது. யோசித்து முடிக்காமலே ஓடினேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க. அவளுக்கு இன்னும் சொகமாவல. ஓட்டை அப்படியேதான் இருக்கு."

"பொறவு காணிக்கை?"

"அது முன்கூட்டி."

"முன்கூட்டியா? அட்வான்சா குடுத்திருக்கிய!" சிரிக்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எம்மா, நான் ஊரு பூராவும் சொல்லிட்டேனே. இப்ப என்னன்னு போட?" என்று செல்போனை என்னிடம் நீட்டினார்.

'குழந்தைக்கு இன்னும் சுகமாகவில்லை' என்று தட்டினேன். அழித்தேன். 'அறுவை சிகிச்சை இன்னும் நடக்கவில்லை. உங்கள் உதவி தேவைப்படுகிறது' என்று எழுதினேன். கணவர் வாசல்வரை வந்து நின்றார். வாங்கி வாசித்தார். எதையும் மாற்றவில்லை. மேலே 'ஸ்தோத்திரம்' என்று மட்டும் சேர்த்துக் கொடுத்தார். அண்ணாச்சி அங்கேயே நின்று எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார்.

சிலர் கோபித்துக்கொண்டார்கள். முதலில் கேட்டது பொய்யா, இப்போது கேட்பது பொய்யா என்று ஒருவர் எழுதினார். ஆனாலும் கோடு மறுபடி நகர்ந்தது, கடைசிவரை போனது.

மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. மகள் இப்போது மாடிப்படி ஏறி வந்தாலும் அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை. அவளோடு ஆலயத்துக்குப் போன முதல் ஞாயிறு, காணிக்கை உறை எடுத்தேன்.

"நாந்தான் அப்பவே போட்டாச்சே" என்றார் கணவர், பைய. கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார்.

அன்று அவர் போட்டதற்குத்தான் இது கிடைத்ததா, நான் ஓடிப்போய்ச் சொன்னதாலா? காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது. எதற்காக என்ற இடத்தை நிரப்பாமலே உறையைப் போட்டேன்.