காஜா மட்டும்தான் பாக்கி

கதவைக் கண்டால் தையல் மாஸ்டரின் கை கழுத்துக்குப் போய்விடும். அங்கே தொங்கும் இஞ்ச் டேப்பை உருவி, நிலையின் அகலத்தை மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, குனிந்து கீழே ஒருமுறை அளந்துவிட்டு, "இடுப்புல கொஞ்சம் பிடிக்குதே" என்பார். வீடு காட்ட வந்தவர் தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொள்வார். "உங்கள இல்லீங்க, கதவச் சொன்னேன்" என்று சமாதானம் சொல்லிவிட்டு மாஸ்டர் அடுத்த அறைக்குள் நுழைவார். அங்கே ஜன்னலுக்குத் தோள் இறங்கியிருக்கும். சமையலறை முன்பக்கம் தூக்கியிருக்கும். "பின்னாடி பிரிச்சு விட இடம் இருக்கா?" என்று அவர் கேட்பது கொல்லைப்புறத்தைப் பற்றி.

தையல் கடையை மூடிப் பல வருஷமாகிறது. கண்ணில் புரை விழுந்தது, எடுத்தார்கள். உலகமெல்லாம் தெரிந்தது, ஊசியின் காது மட்டும் தெரியவில்லை. ஆனாலும் டேப் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போதாவது கழற்றுகிறாரா என்று வெளியூர் மகன் போனில் கேட்டான். அம்மா பேச்சை மாற்றிவிட்டாள். இப்போது மாஸ்டருக்கு ஒரே வேலை, வயதானவர்களுக்கென்று கட்டி விற்கும் வீடுகளைப் போய்ப் பார்ப்பது. வாங்குவது வேறு வேலை. அதை அவர் இன்னும் கையில் எடுக்கவில்லை.

அவரிடம் துணி கொடுத்தவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. சொன்ன தேதிக்குச் சொன்ன நேரத்தில் போய் நின்றால், மாஸ்டர் உள்ளேயிருந்து ஒரு சட்டையை எடுத்து உதறிக் காட்டுவார். "பாருங்க, எல்லாம் ஆயிடுச்சு. காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க." பட்டன் துளை போடுவது ஒரு வேலையா, போகட்டும் என்று நாமும் திரும்பிவிடுவோம். அவர் உதறிக் காட்டியது வேறு யாருடையதோ சட்டை. நம் துணி வெட்டப்படாமல், கொடுத்த பொட்டலத்துக்குள்ளேயே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஊரில் அவருக்கு 'நாளைக்கு மாஸ்டர்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, மனைவியைத் தவிர.

சொந்த மகனுக்கும் சலுகை கிடையாது. கல்யாணக் கோட்டுக்குக் கடைசிப் பட்டனை மண்டபத்து வாசலில், அவன் போட்டுக்கொண்டு நிற்கும்போதே தைத்தார். ஊசி குத்திவிடுமோ என்று பையன் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். கல்யாண ஆல்பத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எக்கிக்கொண்டேதான் நிற்கிறான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் கையால் முடிந்த சட்டை உடம்போடு கூடப் பிறந்த மாதிரி இருக்கும். அதனால்தான் திட்டிக்கொண்டே போனவர்கள் அடுத்த துணியோடு திரும்பி வந்தார்கள். அவரை மடக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. கத்துகிறவரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அழுகிறவருக்குத் தேறுதல் சொல்வார். ஆனால் யாராவது சத்தம் போடாமல் அந்தப் பெஞ்சில் போய் அமர்ந்து, "பரவாயில்ல மாஸ்டர், நான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டால் மனிதர் ஆடிப்போவார். கொஞ்ச நேரம் மழை, கரண்டு என்று பேசிப் பார்ப்பார். பிறகு கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி, இரண்டு விரலில் சுற்றி, மிஷின் டிராயரில் போட்டு மூடுவார். டேப் கழுத்தைவிட்டு இறங்கிவிட்டால் துணி கைக்கு வந்த மாதிரிதான்.

காஜா போட்டதெல்லாம் மனைவி. மிஷினுக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, வந்த துணிக்கெல்லாம் காஜா எடுத்து, ஹூக் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். அதனால் காஜா பாக்கி என்று அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் வாடிக்கையாளர்கள் அவளைத்தான் முறைத்துவிட்டுப் போனார்கள். "காலம் பூரா உங்க பொய்க்கு என் விரலக் காட்டியிருக்கீங்க" என்பாள். மாஸ்டர் அப்போது கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்பார். கத்தரிக்கோல் கையிலேயே இருக்கும்.

குடியிருப்பது கடைக்கு மேல்மாடியில். படிக்கட்டு செங்குத்து. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை. பிடித்து ஏறக் கம்பி வைக்கிறேன் என்று மாஸ்டரே ஒருநாள் சுவரில் வரிசையாகத் துளை போட்டார். கம்பி நாளைக்கு. துளைகளில் எறும்புகள் குடியேறிவிட்டன. உலகத்திலேயே காஜா போட்டு முடித்துப் பட்டன் பாக்கியாக நிற்கிற ஒரே இடம் அந்தச் சுவர்தான்.

போன மழைக்காலத்தில் படித் திருப்பத்தில் அவள் முட்டி மடங்கிவிட்டது. நல்லவேளை, கீழே வரை போகவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் நடை இருக்காது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அவள் உட்கார்ந்தே இறங்குகிறாள், ஒவ்வொரு படியாக. மாஸ்டர் அவளுக்கு முன்னால், முதுகைத் தெருவுக்குக் காட்டி, இரண்டு கையையும் விரித்தபடி பின்னோக்கி இறங்குவார். "நான் விழுந்தா நீங்களா புடிக்கப்போறீங்க? ஜோடியா உருளுவோம்" என்று அவள் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. கீழே வந்து சேர்ந்ததும், இந்த வாரமே வீட்டை முடித்துவிட வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பார். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அந்த நினைப்புக்கு ஒரு 'ஆனால்' முளைத்துவிடும்.

'ஆனால்'களுக்குத் தொழிலிலேயே பிடிமானம் வைத்திருந்தார். புது வீடு என்றால், "தண்ணியில போடாத துணிம்மா அது. எங்க சுருங்கும், எப்ப சாயம் போகும்னு யாருக்குத் தெரியும்?" சரி, ஒருவர் இருந்து பழகிய வீடாகப் பார்க்கலாமே என்றால், "இன்னொருத்தன் தச்சதப் பிரிச்சு ஆல்டர் பண்ற வேலைய நான் ஒருநாளும் தொட்டதில்ல."

"புதுசும் வேணாம், பழசும் வேணாம். ரெண்டுக்கும் நடுவுல யாராவது கட்டறாங்களான்னு விசாரிங்க" என்றாள் அவள்.

ஊர் ஓரத்தில் ஒரு வளாகம். முதலில் கட்டியது வரிசையாகத் தரைவீடுகள். அவற்றில் ஒன்று விலைக்கு வந்திருந்தது. பாதைக்கு எதிரே புதிதாக ஒரு மாடிக் கட்டடம், பெயிண்ட் வாசனையோடு. ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று மகன் ஏற்பாடு செய்திருந்தான். அப்பாவுக்கு இரண்டு காரணமும் ஒரே நாளில் தீர்ந்துபோகட்டும் என்பது அவன் கணக்கு.

புதுக் கட்டடத்தின் விற்பனை அலுவலகத்தில் மனைவியைக் குளிர்ச்சியான சோபாவில் உட்கார வைத்தார்கள். மேஜைமேல் பளபளப்பான கையேடு. ஒவ்வொரு பக்கத்திலும் நரைத்த தலைகள், பந்து விளையாடியபடி, குடை பிடித்தபடி, ஒரு பக்கத்தில் சாலட்டைப் பார்த்தே, வாய்விட்டுச் சிரித்தன. "வயசானா இப்படியா சிரிப்பாங்க? பல்லெல்லாம் அவங்களோடதுதானா?" என்று மாஸ்டர் கேட்டார். விற்பனைப் பெண்ணும் கையேட்டில் இருந்த அளவுக்கே சிரித்தாள்.

இரண்டாம் மாடிக்கு அவரை மட்டும் படியில் அழைத்துப் போனாள். லிஃப்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்பலகை அடித்திருந்தது.

"லிஃப்ட் பெட்டி வந்துடுச்சு அங்கிள். ஃபிட்டிங் மட்டும்தான் பாக்கி."

வீட்டுக்குள் கட்டில் பக்கத்தில் சிவப்பாக ஒரு அவசர மணி. அமுக்கினார். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினார்.

"கனெக்‌ஷன் மட்டும்தான் பாக்கி அங்கிள். அடுத்த மாசம் கண்டிப்பா முடிஞ்சிடும்."

மாஸ்டர் திரும்பி அவளை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார். அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே ஒரு விரற்கடை தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரலில் தயக்கம் இல்லை, 'கண்டிப்பா'வில் ஒரு அழுத்தம், கடைசியில் சின்னதாக ஒரு தலையாட்டல். அத்தனையும் அவர் கடையில் காலமெல்லாம் நடந்த வித்தை. இதைவிடச் சுத்தமாக அவரே செய்ததில்லை.

கீழே வந்து மனைவியின் காதில் சொன்னார். "நல்லா வருவா இந்தப் பொண்ணு. துணியே வெட்டலடி."

அவள் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். முட்டி மடங்கிய பிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. மனசுக்கு என்னவோ நிறைவாக இருந்தது.

பாதையைக் கடந்து தரைவீட்டுக்குப் போனார்கள். வாசலில் படியே இல்லை, சாய்தளம். விற்கிறவர் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். கணவர் இறந்துவிட்டார், இனி இவர் மகளோடு போய் இருக்கப்போகிறார். பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. மாஸ்டரின் மனைவி குளியலறை எங்கே என்று கேட்டுப் போனாள். மாஸ்டர் டேப்பை உருவினார். கதவு சரியாக இருந்தது. ஜன்னலும் சரியாக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் கலக்கமாகிவிட்டது. நல்லவேளையாகக் கூடத்தில் ஒரு மர அலமாரி கிடைத்தது.

"காலர் கோணலா இருக்கே."

"ஆமா, கோணல்தான். என் வீட்டுக்காரர் கையால அடிச்சது. அதுல வச்சது ஒண்ணும் இதுவரைக்கும் கீழ விழுந்ததில்ல" என்றார் நர்ஸம்மா.

அப்போது மனைவி வெளியே வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏங்க, உள்ள கைப்பிடி இருக்கு. நடுவுல தேஞ்சு பளபளன்னு இருக்கு. சரியா கை போற எடத்துல." உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "யாரையும் கூப்பிடல. நானே எழுந்துட்டேன்."

மாஸ்டர் வாங்கிவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குப் பழகிய வார்த்தைதான் வந்தது.

"நாளைக்குச் சொல்றேம்மா."

ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒருமுறை வண்டியில் திரும்பும்போது உளறியிருக்கிறார். "சட்டைன்னா சரியில்லாட்டி அடுத்த தடவ பாத்துக்கலாம். இதுக்கு அடுத்த தடவயே கிடையாது. இதான் கடைசின்னு நெனச்சாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்குப் படிய நெனச்சா ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

நர்ஸம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். கழுத்து டேப்பைப் பார்த்தார்.

"இந்த 'நாளைக்கு'ங்கறத எங்கியோ கேட்டிருக்கேனே. காஜா மட்டும்தான் பாக்கின்னு சொல்லுங்க பாப்போம்."

மாஸ்டர் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

"மொத மொத வேலையில சேந்தப்ப கோட்டு தைக்கக் குடுத்தேன் மாஸ்டர். கடைசியில பட்டனே இல்லாம வாங்கிட்டுப் போயி, வரிசையா ஊக்கு குத்திக்கிட்டு டியூட்டி பாத்தேன். பெஞ்சுல உக்காந்தவங்களுக்கெல்லாம் அன்னிக்கே முடிச்சுக் குடுத்தீங்க. எனக்கு அது தெரியல. நின்னுக்கிட்டே அழுதேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சாயங்காலம் இன்னொருவர் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடித்திருந்தால் கொடுத்துவிடுவேன் என்பதையும் சொன்னார்.

"அதுக்கென்ன, அவங்களும் பாக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மாஸ்டர் வாசலுக்கு நடந்தார். பின்னால் செருப்புச் சத்தம் வரவில்லை. திரும்பினார். மனைவி அலமாரிக்குப் பக்கத்தில், துணி மூட்டை கட்டி வைத்திருந்த நாற்காலியில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அமர்ந்திருந்தாள்.

"என்ன, முட்டி வலிக்குதா? எழுந்திரு, வண்டி நிக்குது."

"பரவாயில்ல மாஸ்டர்" என்றாள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "நான் உக்காந்திருக்கேன்."

நர்ஸம்மா உள்ளே டீ போடுகிறேன் என்று போய்விட்டார்.

மாஸ்டர் மழை வரும்போலிருக்கிறது என்றார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார். பெயிண்ட் மங்கியிருக்கிறதே என்றார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, காஜா போட்டுத் தடித்த அந்த ஆள்காட்டி விரலை மட்டும் லேசாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியைப் பார்த்தார். திறந்திருந்த குளியலறைக் கதவு வழியாகத் தெரிந்த கைப்பிடியைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்லக் கழுத்துக்குப் போனது. டேப்பைக் கழற்றி, இரண்டு விரலில் சுற்றினார். பழக்கத்தில் டிராயரைத் தேடினார். இல்லை. சுற்றிய டேப்பைக் கொண்டுபோய் அந்தக் கோணல் அலமாரியின் மேல் தட்டில் வைத்து, விழாது என்று தெரிந்தபின் கையை எடுத்தார்.