கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்த மேனேஜர்

நகத்தோரம் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டிய ஒரு கட்டைவிரல் என் புத்தகத்தைப் பின்பக்கமாகப் புரட்டுகிறது. மேனேஜரை நினைத்தால் முதலில் அதுதான் கண்முன் வருகிறது. கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் சோதனைப் பிரிவில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒரு பக்கம்கூட வாசித்திருக்க மாட்டேன், கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

அது நார்வேக்காரர் ஒருவர் எழுதிய துப்பறியும் நாவல் வரிசையில் மூன்றாவது புத்தகம். வாசிக்க இதமான தமிழில் மொழிபெயர்த்திருந்தார்கள். பனி மூடிய சிறு துறைமுக ஊர், மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அங்கே கணவனைப் பிரிந்து தனியாக வாழும் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். ரப்பர் வேகும் நாற்றத்தையும் தகரக் கூரையின் அனலையும் விட்டு அரைமணி நேரம் அந்தக் குளிரில் இருந்துவிட்டு வருவேன். மேலதிகாரியின் முகத்துக்கு நேரே அவள் “நீங்கள் சொல்வது தவறு” என்று சொல்லும் இடங்களை இரண்டு முறை வாசிப்பேன். எங்கள் மேனேஜரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெண்கள் சிரித்தால் அவருக்கு ஆகாது. உட்கார்ந்தால் ஆகாது. வாசித்தால் அறவே ஆகாது.

கடைசிப் பக்கத்தில் கண்ணை ஓடவிட்டவர், கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி, “கொன்னது அந்தப் படகுக்காரன்தான். முடிஞ்சு போச்சா? எந்திரிச்சு வேலையப் பாரு” என்றார்.

“சாப்பாட்டு நேரம் இன்னும் முடியல சார். புஸ்தகத்தக் குடுங்க.”

குழம்பு சிந்திய இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனையூர் வீட்டில், துணி துவைத்து முடித்தபின், வேண்டாவெறுப்பாக மிச்சத்தை வாசித்தேன். படகுக்காரன் கொலைகாரனே அல்ல. கொன்றவர் அந்த ஊர் மருத்துவர். கடைசிப் பக்கத்தில், செய்யாத கொலைக்காகச் சிறையில் கிடந்த படகுக்காரன் விடுதலையாகி வெளியே வருகிறான். சிறை வாசலையும் அவன் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மேனேஜர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சாப்பிடும்போது, என்னோடு சோதனைப் பிரிவில் இருந்த அக்கா, “என்னடி, படகுக்காரன் மாட்டிக்கிட்டானா?” என்று கேட்டார்.

“அவன் கொல்லலக்கா. சாருக்குப் படிக்கத் தெரியல” என்றேன்.

மேனேஜர் வாசலில் நிற்பது எனக்குத் தெரியும். குரலைக் குறைக்கத் தோன்றவில்லை. அக்கா சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

மறுநாளே மேனேஜர் என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார். நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி கட்டும் வேலை. இன்றைக்கும் என்னோடு இருக்கும் இடுப்பு வலி அங்கே வாங்கியதுதான். அவர் ஓய்வுபெறும் வரை என்னைப் பழைய இடத்துக்கு விடவில்லை. கடந்து போகும்போதெல்லாம் “இன்னைக்கு எம்புட்டுக் கொலை?” என்று கேட்பார். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்பதை நான் விடவில்லை.

போன மாதம் மதுரையில் ஒரு புத்தகக் கண்காட்சியில் அவரைப் பார்த்தேன். நார்வே நாவல்கள் அடுக்கியிருந்த மேசையருகே, மெலிந்துபோய், கைத்தடியோடு நின்றார். என்னை அடையாளம் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நல்லாருக்கியாம்மா? வீட்டம்மாவும் போய்ச் சேந்துட்டா. பொழுதே போக மாட்டேங்குது. நீ படிப்பியே அந்தப் பனி ஊருக் கதை, அதுல மொதப் புஸ்தகம் எது?”

குரலில் கேலி இல்லை. பேக்கிங், பெட்டி, குழம்பு எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. முதல் புத்தகம் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“சொல்ல மாட்டேன் சார்” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிற்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.